ஈர மணலின் எடை

அன்புள்ள மகனுக்கு,

இவ்விடம் நலம், அவ்விடம் நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வழியில்லை. உனக்கும் எனக்கும் ஒரே வீடு, ஒரே கிணறு, காலையில் ஒரே செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு படிக்கிறோம். அப்படியும் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன் என்றால் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை என்றுதான் அர்த்தம். நேற்றுச் சாப்பிடும்போது இரண்டு தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை ரசம் கேட்டேன், இரண்டாம் தடவை மோர் கேட்டேன். எனக்கு மோர் ஒத்துக்கொள்ளாது என்று உனக்குத் தெரியும், நீயே சிரித்தாய். அதனால் இன்று மதியம், ரயில்வே பார்சல் ஆபீஸில் வண்டி எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வடக்கே எல்லைப்புற மலைகளில் ரோடு போடுவதற்கு இடம் அளக்கும் அந்த உத்தியோகத்தை வேண்டாம் என்று எழுதிவிட்டதாகவும், திங்கட்கிழமை தபாலில் சேர்க்கப் போவதாகவும் அம்மாவிடம் சொன்னாயாம். அவள் உடனே என்னிடம் வந்து, "என் வயித்துல பால வார்த்துட்டான் புள்ள. போகலையாம்" என்றாள். எனக்கும் ஒரு கால் மணி நேரம் வயிற்றில் பால்தான். பிறகு உன் மேஜையில் இருந்த அந்தக் கடிதத்தைப் பார்த்தேன். பிறர் கடிதத்தைப் படிப்பது தப்பு என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான், படித்தேன். "சுமையுடன் மலையில் நடப்பதற்கு என் உடல் தகுதியற்றது என்பதை முன் அனுபவத்தால் அறிந்திருப்பதால்" என்று எழுதியிருக்கிறாய். அழகான கையெழுத்து. ஆனால் அந்த வரி பொய். அது பொய் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஐந்து வருடமாகத் தெரியும்.

இதைச் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். ஒன்றும் ஆகாது. நீ தினமும் திருவெறும்பூர் பஸ் ஏறித் தொழிற்சாலைக்குப் போவாய், சாயங்காலம் வந்துவிடுவாய், எங்கள் கண் முன்னால் இருப்பாய். நான் வேண்டியதும் அதுதான். அதனால்தான் இதை எழுத எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. எழுதினால் நீ போய்விடக்கூடும், அதோடு என்னை மதிக்காமலும் போகக்கூடும்.

சீன யுத்தம் முடிந்த மறு வருடம் உன் கல்லூரியில் எல்லாப் பையன்களுக்கும் காக்கி மாட்டி டிரில் வைத்தார்களே, அப்போது தொடங்கியது. இமயமலையில் மலையேற்றப் பயிற்சிக்கு உங்கள் கல்லூரியிலிருந்து ஒரே ஒருவனைத் தேர்ந்தெடுத்தார்கள், அது நீ. அன்றைக்கு நீ வீட்டுக்கு நடந்து வரவில்லை, சைக்கிளில் இரண்டு கையையும் விட்டுவிட்டு வந்தாய். டிரில் வாத்தியார் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்: முதல் வாரம் எட்டுக் கிலோவை முதுகில் கட்டிக்கொண்டு தினம் ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும், படி ஏறி இறங்க வேண்டும், வாரத்துக்கு ஒன்று ஒன்றரை என்று கூட்டி மே மாதத்துக்குள் இருபது கிலோவுக்கு வந்துவிட வேண்டும். அங்கே போனால் கூடாரம், அரிசி, கயிறு எல்லாம் சேர்ந்து அந்த இருபது முதுகில் ஏறும். "மலையே இல்லாத ஊருல எங்கடா ஏறுவ?" என்று கேட்டேன். "மலைக்கோட்டை எதுக்குப்பா இருக்கு?" என்றாய்.

அம்மா பழைய கேன்வாஸ் துணியில் பட்டை வைத்து முதுகுப் பை தைத்தாள். உள்ளே போட ஒரு சர்க்கரைச் சாக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஆற்றில் இறங்கி, தண்ணீர் ஓரத்து மணலை அள்ளி அந்தச் சாக்கில் நிரப்பி, சைக்கிளில் வைத்துக்கொண்டு ஜங்ஷனுக்கு என் ஆபீஸுக்கு வருவாய். என்னுடைய எடை மேடையில் வைப்பாய். நான் எடை பார்த்துச் சொல்வேன். குறைந்தால் நீ கொண்டுவந்த டப்பாவிலிருந்து இன்னும் இரண்டு கை போடுவாய். எடை சரியாக நின்றதும் உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மறுநாளிலிருந்து விடியற்காலையில் அந்த மூட்டையோடு பாலம் தாண்டி, மலைக்கோட்டை உச்சி வரை ஏறி இறங்கி, வேர்த்துக் கொட்டிக்கொண்டு வந்து நிற்பாய். மூட்டை சுமந்து படி ஏறுகிறவனைப் பார்த்துப் பூக்காரம்மா "என்ன தம்பி, வேண்டுதலா?" என்று கேட்டதாகவும், விளக்கிச் சொல்ல மூச்சு இல்லாமல் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டதாகவும், அன்றிலிருந்து அவள் தினமும் உனக்கு விபூதி பூசி அனுப்பியதாகவும் சொன்னாய். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் விட்டாள். சனிக்கிழமை ஆனால் பை வியர்வை நாற்றம் தாங்காது என்று அவளே மணலைக் கொல்லையில் கொட்டிவிட்டுப் பையையும் சாக்கையும் துவைத்துப் போட்டுவிடுவாள். ஞாயிறு மறுபடி புது மணல்.

இப்போது என் உத்தியோகத்தைப் பற்றி உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. முசிறியிலிருந்தும் ஜீயபுரத்திலிருந்தும் வெற்றிலைக் கூடையும் வாழை இலைக் கட்டும் வண்டியேற்ற வருகின்றன. வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துத்தான் கொண்டுவருவார்கள். தெளித்தால் பரவாயில்லை, முக்கியே எடுத்து வருகிறவர்களும் உண்டு. அப்படியே எடை போட்டு அனுப்பினால் போய்ச் சேரும் ஊரில் எடை குறையும், நடுவில் யாரோ திருடிவிட்டார்கள் என்று புகார் வரும். அதனால் தண்ணீர் சொட்டும் எந்தக் கட்டையும் நான் மேடையில் ஏற்ற மாட்டேன். "வடியட்டும்" என்று ஓரமாக வைக்கச் சொல்லிவிடுவேன். வண்டிக்கு நேரமாகிறது என்று கெஞ்சுவார்கள், திட்டுவார்கள், நான் அசைய மாட்டேன். வெற்றிலை வியாபாரிகள் என் முதுகுக்குப் பின்னால் "வடியட்டும் ஐயா" என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். அதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்த வடியட்டும் ஐயாவின் மேடையில்தான் நீ வாரம் தவறாமல் ஈர மணலை ஏற்றினாய். ஏன் ஈர மணல் என்று இரண்டாம் வாரமே கேட்டேன். "காஞ்ச மணல் முதுகுல இங்கிட்டும் அங்கிட்டும் ஓடுதுப்பா. ஈரம்னா கெட்டியா உக்காருது" என்றாய். நியாயமான பதில். ஆனால் ஈரம் எத்தனை நாளைக்கு நிற்கும்? நடந்து வந்ததும் நீ கொல்லைக் கம்பியில் மாட்டிவிடும் சாக்கு பங்குனி வெயிலில் மூன்றாம் நாள் உலர்ந்துவிடும். முதல் வாரமே எனக்கு அது தெரியும். வாயில் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஏன் அடக்கிக்கொண்டேன் என்று கேட்பாய். உனக்கு ஏழு வயதில் மார்பில் சளி கட்டி மூச்சு இழுத்தது நினைவிருக்காது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜட்கா கிடைக்கும்வரை உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் நடந்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா எடை பார்த்தாள், முப்பத்தாறு பவுண்டு. அதைவிடக் கனமான முருங்கைக்காய்க் கட்டை நான் தினம் பார்க்கிறவன். பதினோரு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். "மார்பு பலவீனமான பையன், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். அவர் அடுத்த நோயாளியோடு மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. உன்னை ஆற்றில் நீந்த விடவில்லை, மார்கழியில் மப்ளர் இல்லாமல் வெளியே விடவில்லை, பந்து விளையாடிவிட்டு இருமினால் பந்தையே பிடுங்கி வைத்தேன். நீ என்னைவிட ஒரு முழம் உயர்ந்த பிறகும் என் கண்ணுக்கு முப்பத்தாறு பவுண்டுதான். மூட்டையோடு இரைத்துக்கொண்டு நீ வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் அந்த மழைநாள் மூச்சுதான் என் காதில் கேட்டது. மணல் காயட்டும், பிள்ளைக்குக் கொஞ்சம் பாரம் குறையட்டும் என்று நினைத்தேன். நான் ஒன்றும் செய்யவில்லையே, வெயில்தானே செய்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

புதன், வியாழன் ஆனால் நீ துள்ளிக்கொண்டு வருவாய். "அப்பா, திங்கக்கெழம உயிரு போச்சு. இன்னைக்கு ஒண்ணுமே தெரியல. உடம்பு பழகிடுச்சுப்பா!" என்பாய். உன் சந்தோஷத்தைப் பார்த்து நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் போர்ட்டர் அந்தோணியை உனக்குத் தெரியும், உன் மூட்டையை மேடையில் ஏற்றி இறக்கியவன் அவன்தான். ஒரு நாள் நீ போன பிறகு அவன் என்னிடம் வந்து, "ஐயா, தம்பி ஈர மணல்ல எடை போடுது. காஞ்சா கொறையுமே, நீங்க சொல்லலீங்களா?" என்று கேட்டான். "உன் வேலையைப் பாருடா" என்று எரிந்து விழுந்தேன். இருபது வருடத்தில் அவனை நான் டா போட்டது அன்று ஒரு தடவைதான். அவன் போய் டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தான். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இன்னும் கேள். கடைசி மாதம், இருபது கிலோ வாரம், வெள்ளிக்கிழமை நீ கல்லூரிக்குப் போனதும் அந்தச் சாக்கைக் கம்பியிலிருந்து அவிழ்த்தேன். அம்மாவிடம் ஓட்டை இருக்கிறது, தைத்துக்கொண்டு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஜங்ஷனுக்குக் கொண்டுபோய் மேடையில் வைத்தேன். பதினாறரைக் கிலோ. நீ திரும்பி வருவதற்குள் கொண்டுவந்து பழைய இடத்திலேயே மாட்டிவிட்டேன். ஆகவே எனக்குத் தெரியாது, உத்தேசமாக நினைத்தேன் என்றெல்லாம் நான் தப்பித்துக்கொள்ள முடியாது. கிலோக்கணக்கில் தெரியும்.

மறுநாளே நீ கேட்டாய். உனக்கும் ஏதோ தட்டியிருக்கிறது. அம்மா மணலைக் கொட்டப் போனபோது தடுத்து, "இந்தத் தடவ கொட்டாதம்மா. அப்பா, இத அப்படியே எடுத்துட்டுப் போயி ஒருவாட்டி எடை போட்டுப் பாக்கலாமா? லேசா இருக்காப்ல தோணுது" என்றாய். நான் ஷேவ் செய்துகொண்டிருந்தேன். கண்ணாடியில் நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். "மணல் எங்கடா போகும்? நீதான் தேறிட்ட" என்றேன். உன் முகம் மலர்ந்துவிட்டது. அம்மா மணலைக் கொட்டிவிட்டாள். அதுவரை சொல்லாமல் இருந்தேன், அன்று வாயால் பொய் சொன்னேன். எடை விஷயத்தில் இந்த ஊரில் யாரையும் நம்பாமல் என்னை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நீயும் அப்படித்தான் நம்பினாய்.

பிறகு நடந்ததை நீ அதிகம் சொல்லவில்லை. துண்டு துண்டாகச் சொன்னதை நான்தான் சேர்த்து வைத்திருக்கிறேன். நான்காம் நாள் ஏற்றத்தில் உன் முழங்கால் ஆடத் தொடங்கியது. ஐந்தாம் நாள் நீ வரிசையில் கடைசி. ஆறாம் நாள் பயிற்சி கொடுப்பவர் உன்னை ஒரு பாறையில் உட்காரவைத்து உன் பையைப் பிரித்து, சாமான்களை மற்ற பையன்களின் பையில் ஒவ்வொன்றாகப் போட்டார். பெங்காலிப் பையன் ஒருவன் உன் அரிசியை எடுத்துக்கொண்டான். மறுநாள் உன்னை ஒரு ஆளோடு கீழே அனுப்பிவிட்டார்கள். வெறும் முதுகோடு இறங்கியதைச் சொல்லும்போதுதான் உன் குரல் உடைந்தது. "எல்லாம் ஒழுங்காத்தான் பண்ணேன்ப்பா. ஒரு நாள் விடல. அப்படியும் முடியலன்னா என் ஒடம்பு அவ்வளவுதான்" என்றாய். அம்மா உன் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். நீ கத்தியிருப்பாய், ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்திருப்பாய், அடுத்த வருடம் மறுபடி முயன்றிருப்பாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போனா போகுது, உசிரோட வந்தியே" என்றேன்.

மூன்றரைக் கிலோ குறைந்ததால்தான் நீ விழுந்தாய் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். உயரத்தில் காற்று குறைவு, குளிர், பழக்கமில்லாத சாப்பாடு, எல்லாமும் இருந்திருக்கும். ஆனால் பதினாறரைக்குப் பழகிய முதுகில் இருபது ஏறினால் சம தரையில் ஒன்றும் தெரியாது, ஏற்றத்தில் ஒவ்வொரு அடிக்கும் தெரியும் என்று அந்தோணி சொல்கிறான். சுமையே தொழிலானவன் சொன்னால் நான் மறுக்க முடியாது. போன வாரம்தான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து வருடமாக அவனுக்குத் தெரியும். "நீங்களே தம்பிகிட்ட சொல்லிடுங்க ஐயா, நான் சொன்னா நல்லா இருக்காது" என்றான்.

அந்த மலையிலிருந்து இறங்கிய பிறகு நீ மாறிவிட்டாய். சைக்கிளில் கையை விடுவதில்லை. நண்பர்கள் ஏற்காட்டுக்குப் போகலாம் என்று கூப்பிட்டபோது கால் வலி என்றாய். கால் வலி இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் அவர்கள் பேச்சுவாக்கில் கேட்டதற்கு, "எனக்கு ஒடம்புல அவ்வளவு தெம்பு கெடையாதுங்க" என்று நீயாகவே சொன்னாயாம். கேட்டவர்கள் பயந்து போய்விட்டார்கள். அம்மாவுக்கு உன்மேல் கோபம். எனக்குக் கோபப்பட முகம் ஏது? இவ்வளவுக்கும் நடுவில் எங்களுக்குத் தெரியாமல் இந்த உத்தியோகத்துக்கு நீயே மனுப் போட்டிருக்கிறாய். ஆசை போகவில்லை. உத்தரவும் வந்துவிட்டது. கையில் வந்ததை உன் உடம்பைக் குற்றம் சொல்லித் திருப்பி அனுப்பப் பார்க்கிறாய். அந்த உடம்பு ஒரு குற்றமும் செய்யவில்லை, ஒரு நாள் விடாமல் விடியற்காலையில் எழுந்து நீ சொன்னதையெல்லாம் செய்தது.

அப்பன் என்ற முறையில் புத்தி சொல்ல எனக்கு இன்று அதிகம் உரிமை இல்லை. ஆனாலும் பழக்கம் விடாது, இரண்டு விஷயம் சொல்கிறேன். போவதாக இருந்தால் உனக்குச் சேர இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. மறுபடி பழகு. இந்தத் தடவை செங்கல் வைத்துக்கொள், சாக்குத் துணி சுற்றினால் முதுகில் குத்தாது. கனத்தைக் கழுத்துக்குக் கிட்டே வை, கீழே தொங்கவிடாதே, இறங்கும்போது சின்ன அடியாக வை, முழங்கால் போவது இறக்கத்தில்தான் என்று அந்தோணி சொல்லச் சொன்னான். எடையை என்னிடம் கொண்டுவராதே. பெரிய கடைவீதியில் எந்த மண்டியிலும் போட்டுப் பார்க்கலாம், ஒன்றுக்கு இரண்டு இடத்தில் போட்டுப் பார். இன்னொன்று, உனக்கும் நாளைக்குப் பிள்ளை பிறக்கும். அது இரைக்கும்போது உனக்கும் பயம் வரும். வரட்டும். பயமாக இருக்கிறது, போகாதே என்று வேண்டுமானால் வாய் விட்டுச் சொல்லிவிடு, அதோடு சண்டை போடு. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. சண்டை போட்டுத் தோற்றிருந்தால்கூட இவ்வளவு கெடுதல் செய்திருக்க மாட்டேன்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. அவள் தைத்த பை, அவள் துவைத்த சாக்கு. தெரிந்தால் என்னை என்ன சொல்வாளோ. நீயே சொல், அல்லது என்னைச் சொல்லச் சொல், சொல்கிறேன். நீ போனால் அவள் அழுவாள். நானும் அழுவேன், அதை மறைக்கவில்லை. எனக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. அந்த இரண்டு வருடமும் உன் கடிதத்துக்காக ஆபீஸ் வாசலில் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன் என்று இப்போதே தெரிகிறது. போகக் கூடாது என்றுதான் இந்த நிமிடம்வரை என் மனது சொல்கிறது. அதன் பேச்சைக் கேட்டுத்தான் இவ்வளவும் வந்தது.

ஆகையால் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அந்த வேலை பிடிக்கவில்லை என்றால், எங்களை விட்டுப் போக மனமில்லை என்றால், தாராளமாக மறுத்து எழுது, அது உன் இஷ்டம். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடு. என் உடல் தகுதியற்றது என்று எந்தத் தாளிலும், எந்த ஆபீஸுக்கும் நீ எழுதக் கூடாது. காரணம் எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், என் தகப்பனார் என்னிடம் பொய் எடை சொன்னார் என்று எழுது. கீழே நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

உன் அப்பா